ஸ்பிரிங் பூட்: தலைப்பில் குப்பை எழுத்து, பட்டியலில் கேள்விக்குறி. எந்த அமைப்பை மாற்றுவது?

கேள்வி

வணக்கம். எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்காக ஒரு சிறிய வலைச் செயலி எழுதியிருக்கிறேன். ஜாவா 17, ஸ்பிரிங் பூட் 3.2 (ஜாவாவில் வலைச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு), உள்ளேயே ஓடும் டாம்கேட் வலைச் சர்வர், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். உறுப்பினர் பெயர்கள் எல்லாம் தமிழில்தான். படிவத்தில் அடித்த பெயர் ஒழுங்காகச் சேமிக்கப்படுகிறது, திரையிலும் ஒழுங்காக வருகிறது. இரண்டு இடங்களில் மட்டும் உதைக்கிறது.

முதலாவது, பக்கத்தின் தலைப்பில் வரும் சங்கத்தின் பெயர். அதை அப்ளிகேஷன்.பிராப்பர்ட்டீஸ் என்ற அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கிறேன். திரையில் பார்த்தால் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ, அதே வட்டம் என்று வரிசை கட்டி நிற்கிறது. எடிட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் பளிச்சென்று இருக்கிறது.

இரண்டாவது, பத்து நாளுக்கு ஒருமுறை எடுக்கும் பட்டுவாடாப் பட்டியல். சர்வரில் உருவாகும் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) பெயர் வரவேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறி. என் மடிக்கணினியில் சரியாக வருகிறது. அதே சர்வரில் நான் உள்ளே நுழைந்து ஜார் கோப்பைக் கையால் ஓட்டினாலும் சரியாக வருகிறது! பின்னணிச் சேவையாக ஓடும்போதுதான் இப்படி.

குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறையை, யுடிஎஃப்-8 ஆக்க சர்வர்.சர்வ்லெட்.என்கோடிங்.சார்செட் = யுடிஎஃப்-8 என்று போட்டேன். ஃபோர்ஸ் = ட்ரூ என்றும் போட்டேன். ஸ்பிரிங்.மெசேஜஸ்.என்கோடிங்கையும் விடவில்லை. ஒன்றும் அசையவில்லை. வரும் புதன்கிழமை பட்டுவாடா. பட்டியலில் விரல் வைத்துத் தன் பெயரைத் தேடுகிற பெரியவர்களிடம் கேள்விக்குறியை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. உதவுங்கள்.

மறுமொழி 1

தரவுத்தளத்தின் குறியாக்கத்தை யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றிப் பாருங்கள். பழைய யுடிஎஃப்8 அமைப்பில் தமிழ் உடையும்.

மறுமொழி 2

நண்பரே, தரவுத்தளத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். திரையில் பெயர் சரியாக வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் அங்கே பழுதில்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள் போதும். மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்8 அந்த மூன்றையும் கொள்ளும். நான்கு பைட்டு கேட்கும் இமோஜிகளுக்குத்தான் எம்பி4 கட்டாயம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எம்பி4 வைப்பது நல்லதுதான். ஆனால் பட்டுவாடாவுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிற அட்டவணையில் கை வைக்க வேண்டாம்.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனி நோய்கள். குப்பை எழுத்தையும் கேள்விக்குறியையும் ஒன்றாக எண்ணி ஒரே மருந்து தேடியதால்தான் நீங்கள் போட்ட அமைப்புகள் பலிக்கவில்லை. அவை உலாவிக்கும் சர்வருக்கும் இடையிலான போக்குவரத்துக்கும், பயனர் படிக்கும் வாசகங்களை வைக்கும் மொழிக் கோப்புகளுக்கும் உரியவை. ஸ்பிரிங் பூட்டில் அவற்றின் இயல்பு மதிப்பே யுடிஎஃப்-8தான்.

"தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8இல் பதினைந்து பைட்டுகள். த என்பது பதினாறடிமான எண்ணில் ஈ0 ஏஈ ஏ4. இந்தப் பைட்டுகளை ஐஎஸ்ஓ-8859-1 என்ற பழைய மேற்கத்தியக் குறியாக்கம் என்று நினைத்து ஒன்றுக்கு ஓர் எழுத்தாகப் படித்தால் ஈ0 என்பது சாய்கோடு போட்ட ஏ, ஏஈ என்பது வட்டத்துக்குள் ஆர். நீங்கள் பார்த்தது அதுவேதான். பைட்டு ஒன்றுகூடத் தொலையவில்லை, படித்தவன் தப்பாகப் படித்திருக்கிறான். கேள்விக்குறி அப்படியில்லை. எழுதும்போதே தமிழுக்கு இடமில்லாத குறியாக்கத்தில் எழுதி, ஒவ்வொரு குறிக்கும் பதிலாக உண்மையான கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. அந்தக் கோப்பிலிருந்து பெயரை மீட்க முடியாது, மறுபடி உருவாக்கத்தான் வேண்டும்.

முதல் பழுதுக்குக் காரணம் தெளிவு. உங்கள் பதிப்பு ஸ்பிரிங் பூட், பிராப்பர்ட்டீஸ் அமைப்புக் கோப்பை ஐஎஸ்ஓ-8859-1 ஆகத்தான் படிக்கும். எடிட்டர் யுடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்கும். ஜாவா 9இலிருந்து பிராப்பர்ட்டீஸ் கோப்புகள் யுடிஎஃப்-8 என்று படித்துவிட்டுப் பலர் இங்கே சறுக்குகிறார்கள். அந்த மாற்றம் மொழிக் கோப்புகளைப் படிக்கும் ரிசோர்ஸ்பண்டிலுக்கு மட்டும். அந்த ஒரு வரியை அப்ளிகேஷன்.யாமல் என்ற இன்னொரு வகை அமைப்புக் கோப்புக்கு மாற்றுங்கள், அது யுடிஎஃப்-8 ஆகப் படிக்கப்படும்.

இரண்டாவதைச் சொல்ல, கோப்பை எழுதும் வரி வேண்டும். அந்த வரியையும், செயலி தொடங்கும்போது, இயல்புக் குறியாக்கத்தைச் சொல்லும் சார்செட்.டிஃபால்ட்சார்செட் என்ன அச்சிடுகிறது என்பதையும் போடுங்கள். சேவையாக ஓடும்போது பாருங்கள், கையால் ஓட்டி அல்ல.

கேட்டவர்

விரிவான பதிலுக்கு நன்றி ஐயா. எண்ணிப் பார்த்தேன். ஒரு உறுப்பினரின் பெயரில் கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து ஏழு குறிகள். கோப்பில் சரியாக ஏழு கேள்விக்குறிகள்.

எழுதும் வரி: நியூ ஃபைல்ரைட்டர்(கோப்பு). அவ்வளவுதான், வேறொன்றும் கொடுக்கவில்லை. சேவையாக ஓடும்போது அச்சானது யுஎஸ்-ஆஸ்கி, ஆங்கில எழுத்து மட்டும் கொள்ளும் குறியாக்கம். கையால் ஓட்டினால் யுடிஎஃப்-8.

ஆனால் யாமலுக்கு மாற்றிய பிறகும் தலைப்பில் அதே குப்பைதான் நிற்கிறது.

மறுமொழி 2

பழைய பிராப்பர்ட்டீஸ் கோப்பில் அந்த வரி இன்னும் இருக்கிறதா? இரண்டு கோப்புகளும் ஒரே இடத்தில் இருந்தால் பிராப்பர்ட்டீஸுக்கே முன்னுரிமை. பழைய வரியை அழித்துவிடுங்கள்.

கேள்விக்குறியின் ஊற்றும் அகப்பட்டுவிட்டது. ஜாவா 17 வரை, குறியாக்கம் சொல்லாத ஃபைல்ரைட்டர் இயங்குதளத்தின் இயல்பைப் பின்பற்றும். நீங்கள் உள்ளே நுழையும்போது மொழியையும் குறியாக்கத்தையும் சொல்லும் லாங் என்ற சூழல் மாறி உங்களோடு கூடவே வருகிறது. சேவைக்கு அது இல்லை. அதனால் ஆஸ்கிக்கு இறங்கிவிட்டது. ஜாவா 18இலிருந்து இயல்பே யுடிஎஃப்-8 ஆகிவிட்டது. அதற்காக இப்போது பதிப்பை ஏற்ற வேண்டாம். ஃபைல்ரைட்டரின் இரண்டாம் இடத்தில் ஸ்டாண்டர்ட்சார்செட்ஸ்.யுடிஎஃப்_8 என்று கொடுங்கள். சேவைக் கோப்பில் லாங் = சி.யுடிஎஃப்-8 என்று சேர்த்தாலும் வேலை நடக்கும், ஆனால் நாளைக்கு வேறு சர்வருக்கு மாற்றுகிறவர் அதை மறந்துவிடுவார். நிரலில் எழுதியது கூடவே போகும்.

மறுமொழி 3

ஒன்று சேர்க்கிறேன். சங்கத்தின் பெயர் பயனர் படிக்கும் எழுத்து. அதற்குரிய இடம் மெசேஜஸ்.பிராப்பர்ட்டீஸ், அந்தக் கோப்பை ஸ்பிரிங் பூட் யுடிஎஃப்-8 ஆகவே படிக்கும். தமிழுக்கான கோப்பை மட்டும் வைத்துவிட்டு, மொழிக் குறி இல்லாத அடிப்படைக் கோப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் அந்த வசதியே தானாக இயங்காது. நான் ஒரு முழு நாளை அதில் தொலைத்தேன்.

கேட்டவர்

பழைய வரியை அழித்தேன், தலைப்பு சரியாகிவிட்டது! ஃபைல்ரைட்டரையும் மாற்றிச் சேவையை மறுபடி தொடங்கினேன். சர்வரிலேயே கோப்பைத் திறந்தால் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. ஆனால் சங்கச் செயலர் தன் விண்டோஸ் கணினியில் எக்செல்லில் திறந்தால், தலைப்பில் வந்ததைப் போன்ற குப்பை வருகிறது என்கிறார்.

மறுமொழி 2

கேள்விக்குறி இல்லை, குப்பை எழுத்து. ஆகவே கோப்பு நன்றாக இருக்கிறது, எக்செல்தான் தப்பாகப் படிக்கிறது. கோப்பின் தொடக்கத்தில் குறி எதுவும் இல்லையென்றால், விண்டோஸின் பழைய குறியாக்கம் என்று அது எடுத்துக்கொள்ளும். முதல் வரியை எழுதுவதற்கு முன்னால் எஃப்ஈஎஃப்எஃப் என்ற யூனிகோட் குறியை ஒருமுறை எழுதுங்கள். கோப்பில் அது ஈஎஃப் பிபி பிஎஃப் என்று மூன்று பைட்டுகளாக விழும், எக்செல் அடையாளம் கண்டுகொள்ளும். அந்த சிஎஸ்வியை உங்கள் செயலியே மறுபடி உள்வாங்குவதாக இருந்தால் அந்தக் குறியைத் தள்ளிவிட்டுப் படியுங்கள். இல்லையென்றால் முதல் பத்தியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு அடுத்த தொல்லையைத் தரும்.

கேட்டவர்

சேர்த்தேன். செயலரின் கணினியில் இப்போது சரியாகத் திறக்கிறது. உள்வாங்கும் பகுதி எங்களிடம் இல்லை. கேள்விக்குறியோடு கிடந்த போன மாதத்துப் பட்டியல்கள் மூன்றையும் தரவுத்தளத்திலிருந்து மறுபடி எடுத்து வைத்துவிட்டேன். புதன்கிழமைக்கானது அச்சுக்குப் போயிருக்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.