ஹில்ஸ்பரோ காட்டுக்குள் ஒரு பழைய கார்ப் பந்தயத் தடம்

வட கரோலினாவில் ராலே, டர்ஹம் பக்கம் வசிக்கும் நம்மவர்கள் பலர் ஹில்ஸ்பரோவின் ஈனோ ஆற்றங்கரையில் நடைப்பயிற்சிக்குச் சென்றிருப்பார்கள். அங்குள்ள அகலமான மண்பாதையில்தான் ஒரு காலத்தில் ஆக்கோனீச்சி ஸ்பீட்வேயின் பந்தயக் கார்கள் ஓடின என்பது அவர்களில் சிலருக்காவது புதிய செய்தியாக இருக்கும். நானும் கார்ப் பந்தயங்களில் உள்ள ஆர்வத்தால்தான் அந்த இடத்தைத் தேடிப் போனேன்.

ஜூலியன் கார் என்ற புகையிலைத் தொழிலதிபரின் பண்ணையில் குதிரைகள் ஓடிய நிலம் அது. அமெரிக்காவின் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரை உருவாக்கிய பில் பிரான்ஸ், வேறு சிலருடன் சேர்ந்து அங்கே 0.9 மைல் நீள மண் தடத்தை அமைத்தார்; 1948-இல் பந்தயங்கள் தொடங்கின. கடையில் யாரும் வாங்கக்கூடிய கார்களையே பெரிய மாற்றம் செய்யாமல் ஓட்ட வேண்டும் என்ற விதியோடு நாஸ்கார் 1949-இல் நடத்திய முதல் தொடரில் எட்டுப் பந்தயங்கள் இருந்தன. அவற்றுள் மூன்றாவது ஆகஸ்ட் 7 அன்று இங்கே நடந்தது. பாப் ஃபிளாக் வென்றார். மறுஆண்டு ஃபயர்பால் ராபர்ட்ஸ் தம் முதல் வெற்றியைப் பெற்றதும் இங்கேதான். 1954-இல் இதன் பெயர் ஆரஞ்சு ஸ்பீட்வே என்று மாறியது.

சரிவில் எஞ்சியிருக்கும் பார்வையாளர்களுக்கான கான்கிரீட் படிகளில் அமர்ந்திருந்தபோது, நாயுடன் நடக்க வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில், காலையில் தேவாலயத்தில் பந்தயத்தைக் கண்டித்துப் போதகர் ஆற்றும் உரையைக் கேட்டுவிட்டு, பிற்பகலில் தந்தையுடன் அதே உடையில் இங்கே வந்து அமர்வாராம். பந்தயம் முடியும்போது வெள்ளைச் சட்டை செம்மண் நிறத்துக்கு மாறியிருக்குமாம். எந்த வளைவில் கார்கள் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே திரும்பும் என்று அவர் என்னை அழைத்துச் சென்று காட்டினார். பாதை வெளிப்புறம் உயர்ந்து உட்புறம் தாழ்ந்திருப்பதை அங்கே நம் கால்களே உணர்கின்றன. தடத்தின் நேர்ப்பாதைக்கு அடுத்தாற்போல் ஆறு ஓடுவதைப் பார்த்தபோது, அக்கால ஓட்டுநர்களின் துணிச்சல் எனக்கு உண்மையாகவே திகைப்பூட்டியது.

அந்தப் போதகர்களின் எதிர்ப்பே கடைசியில் வென்றது. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களுக்கு உள்ளூரில் எழுந்த எதிர்ப்பு தொடர்ந்ததால், 1968 செப்டம்பர் 15 அன்று ரிச்சர்ட் பெட்டி வென்ற பந்தயமே இங்கு நடந்த இறுதிப் பந்தயமாயிற்று. மறுஆண்டு அலபாமாவின் டாலடேகாவில் 2.66 மைல் நீளத்தில் பிரம்மாண்டமான தார்த் தடத்தை பில் பிரான்ஸ் திறந்தார். எதிர்ப்பு எழாமல் இருந்திருந்தாலும், சிறிய மண் தடங்களிலிருந்து பெரிய தார்த் தடங்களுக்கு அந்த விளையாட்டு நகர்ந்துகொண்டிருந்த காலத்தில் இது நெடுநாள் நீடித்திருக்காது என்பது என் கருத்து.

கைவிடப்பட்டதால்தான் இது பிழைத்தது என்றும் எனக்குத் தோன்றுகிறது. 1949 தொடரின் எட்டு இடங்களுள் மார்ட்டின்ஸ்வில் இன்றும் பந்தயங்களை நடத்துகிறது. ஆனால் 1955-இலேயே அதற்குத் தார் போட்டுவிட்டார்கள். முதல் தொடர் நடந்த மண் தடங்களுள் இன்னும் மண்ணாகவே எஞ்சியிருப்பது ஆக்கோனீச்சி ஒன்றே. பைன் மரங்களும் சிக்கமோர் மரங்களும் தடத்தின் நடுப்பரப்பை முழுவதும் மூடிவிட்டன. 2002-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது. பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளை ஒன்றின் முயற்சியால் நடைபாதையாகவும் திறக்கப்பட்டது. கார்களை மீண்டும் ஓடவிடாமல், தடத்தின் வடிவத்தை மட்டும் காத்து வைத்திருக்கும் அந்த முடிவை நான் முழுமனத்துடன் வரவேற்கிறேன்.

செல்ல விரும்புவோர் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுங்கள். இலைகள் உதிர்ந்த பிறகு கான்கிரீட் படிகளும் வளைவுகளின் சாய்வும் தெளிவாகத் தெரிகின்றன.