ஐஸ் உருக்கும் நேரத்திலெல்லாம் ஹீட் பம்ப் நின்றுவிடுகிறது – உதவி தேவை

நனைந்தகோழி (மில்டன் கீன்ஸ்)

வணக்கம். மூன்று நாளாக வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர், அதற்கு மேல் போர்வை என்று உட்கார்ந்திருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "இதுக்குத்தான் நல்லா இருந்த கேஸ் பாய்லரைக் கழட்டிப் போட்டீங்களா மாப்ளே?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்விக்காகவாவது இதைச் சரிசெய்தாக வேண்டும்.

விவரம் இதுதான். 1960-களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது), மூன்று படுக்கையறை. போன மார்ச்சில் 7,500 பவுண்டு அரசு மானியத்தோடு 8 கிலோவாட் ஏர்-டு-வாட்டர் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை எடுத்து ரேடியேட்டர் தண்ணீருக்குத் தரும் மெஷின்) போட்டோம். நாலு ரேடியேட்டரைப் பெரிதாக மாற்றினார்கள். மற்ற ஐந்தும், தரைக்கு அடியில் ஓடும் குழாய்களும் பழையவைதான். இது அதற்கு முதல் குளிர்காலம்.

வெளியே 6, 7 டிகிரி இருந்தவரை ஒரு குறையும் இல்லை. இந்த வாரம் 1, 2 டிகிரிக்கு இறங்கியதிலிருந்து, வெளியே இருக்கும் பெட்டியின் பின்பக்கம் முழுக்க வெள்ளையாகப் பனி படிகிறது. முக்கால் மணி நேரம் ஓடும், அப்புறம் ஃபேன் நிற்கும், புஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் ஆவி கிளம்பும். உடனே 'நீரோட்டம் குறைவு' என்று திரையில் எரர் காட்டி மொத்தமாக நின்றுவிடும். அரை மணி கழித்துத் தானாகவே கிளம்பும். திரும்பவும் அதே கதை. வீட்டுக்குள் 17 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. நேற்று மட்டும் 52 யூனிட் கரண்ட்.

நின்றுபோவதற்கு முன்னால் கன்ட்ரோலரில் பார்த்தது: ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் 45 டிகிரி, திரும்பி வருவது 36, ஓட்டம் நிமிடத்துக்கு 11 லிட்டர், பிரஷர் 0.8 பார்.

செலவு குறையட்டும் என்று மாடியில் மூன்று ரேடியேட்டரை மூடி வைத்திருக்கிறேன். இரவு 11 மணிக்கு அணைத்து, காலை 5 மணிக்குப் போடுகிறேன். பொருத்திக் கொடுத்தவர்கள் போனையே எடுப்பதில்லை.

சும்மா_எட்டிப்பார்ப்பவன் (சென்னை)

சார், இது மெஷினுக்குள் ஓடும் குளிர்வாயு (கேஸ்) குறைந்ததால் வருவது. எங்கள் வீட்டு ஸ்ப்ளிட் ஏசியில் இப்படித்தான் ஐஸ் கட்டியது. ஆள் வந்து கேஸ் டாப்-அப் செய்துவிட்டுப் போனார், சரியாகிவிட்டது. அதுவரை தண்ணீர் சூட்டை 55-க்கு ஏற்றி வையுங்கள்.

குழாய்க்காரன் (லூட்டன்)

கேஸ் டாப்-அப்பை முதலில் தள்ளி வைப்போம். இங்கே 14 வருஷமாக ஹீட்டிங் வேலைதான் செய்கிறேன், கடைசி 5 வருஷம் முக்கால்வாசி ஹீட் பம்ப்.

கோழி கொடுத்த எண்களிலேயே பதில் இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி வித்தியாசம் இரண்டையும் பெருக்கி, அதை 0.07-ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். 11 லிட்டர், 9 டிகிரி: கிட்டத்தட்ட 7 கிலோவாட். 8 கிலோவாட் மெஷின், 2 டிகிரிக் குளிரில், 7 கிலோவாட் தருகிறது. கேஸ் குறைந்த மெஷினால் இது முடியாது. மெஷின் நன்றாக இருக்கிறது, அதற்குத் தண்ணீர்தான் போதவில்லை. ஹீட் பம்ப்புக்குப் போகும் நீருக்கும் வரும் நீருக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருந்தால் நிம்மதி. அந்தக் கணக்கில் 8 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 23 லிட்டர் வேண்டும். உங்களிடம் அதில் பாதிகூட இல்லை.

பனி படிவது கோளாறே இல்லை. வெளிக்காற்றிலிருந்து சூட்டை உறிஞ்ச, பின்பக்கத்துச் சுருள்குழாய் (காயில்) காற்றைவிடக் குளிராக இருக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் அது காயிலில் பனியாக ஒட்டும். வறண்ட மைனஸ் 8-ஐவிட, இங்கிலாந்தின் ஈரமான 1, 2 டிகிரிதான் இதற்கு மோசம். பனி சேர்ந்ததும் மெஷின் தன் ஓட்டத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தப் புஸ் சத்தம் நாலுவழி வால்வு திரும்புவது. வீட்டு ரேடியேட்டர் தண்ணீரிலிருந்து சூட்டை எடுத்து, வெளிக்காயிலுக்கு அனுப்பி, பனியை உருக்கும். ஆவி வருவது அதனால்தான். சில நிமிடம்தான், அப்புறம் பழையபடி ஓடும்.

சிக்கல் அந்தச் சில நிமிடத்தில்தான். அப்போது மெஷினுக்கு உள்ளே இருக்கும் தகட்டு வெப்பமாற்றி (சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) குளிர்ந்த பக்கமாகிவிடும். அதில் தண்ணீர் மெதுவாக ஓடினால் உள்ளேயே உறைந்து தகடு வெடித்துவிடும். அது வெடித்தால் மெஷினே போன மாதிரி. அதனால் ஓட்டம் போதாதென்று தெரிந்ததும் கன்ட்ரோலர் முந்திக்கொண்டு நிறுத்துகிறது. 7 டிகிரியில் பனி படியவில்லை, அதனால் உங்களுக்குத் தெரியவும் இல்லை. 11 லிட்டர் ஓட்டம் மார்ச்சிலிருந்தே இருந்திருக்கலாம்.

இப்போதே செய்ய வேண்டியது: எல்லா ரேடியேட்டரையும் முழுசாகத் திறந்து விடுங்கள். ரேடியேட்டரை மூடிச் சிக்கனம் செய்வதும் இரவில் அணைப்பதும் கேஸ் பாய்லர் காலத்துப் பழக்கம். பாய்லர் காலையில் 70 டிகிரித் தண்ணீரை அடித்து வீட்டைச் சூடாக்கிவிடும். இந்த மெஷின் அப்படி ஓடாது, நிதானமாக நாள் முழுக்க ஓடும். இரவில் ஒன்றிரண்டு டிகிரி குறைத்தால் போதும்.

அடுத்தது ஃபில்டர். சுடுதண்ணீர் சிலிண்டர் பக்கத்தில், திரும்பி வரும் குழாயில், சொம்பு அளவில் ஒரு கறுப்பு உருளை இருக்கும். அதுதான் காந்த ஃபில்டர். பழைய ரேடியேட்டரை வைத்துக்கொண்டு குழாயைச் சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால் அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

55-க்கு ஏற்றச் சொன்ன தம்பிக்கு: ஓட்டம் குறைந்த மெஷினில் சூட்டை ஏற்றினால் கரண்ட் பில்தான் ஏறும்.

ஒஸ்லோ_அக்கா

குழாய்க்காரன் சொன்னது சரி. கடலோரப் பெர்கனில் இருக்கிற தங்கச்சி வீட்டில் பிளஸ் 1, மழையும் பனியுமாகக் கொட்டுகிற நாளில்தான் அடிக்கடி உருக்கும். எங்கள் பக்கம் மைனஸ் 12 வந்தாலும் காற்று வறண்டது, அவ்வளவு தொந்தரவு இல்லை.

தம்பி, ஃபில்டரில் கை வைக்க முதல் ஒன்று பாருங்கோ. குழாய்க்குள் வெறும் தண்ணீரா, உறையாமல் இருக்கிறதுக்குக் கிளைகோல் கலந்திருக்கிறதா? கலந்திருந்தால் சிலிண்டருக்குக் கிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பினம். அப்படியென்றால் குழாய்த் தண்ணீரை விட்டுப் பிரஷர் ஏற்றக் கூடாது, கலவை ஐதாகிவிடும். வெறும் தண்ணீர் என்றால் வேறு கவனம்: இந்தக் குளிரில் மெயின் சுவிட்சை அணைத்து நெடுநேரம் விடாதேங்கோ. கரண்ட் இருந்தால்தான் பம்ப் இடைக்கிடை ஓடி வெளிக்குழாயை உறையாமல் காக்கும்.

பெட்டிக்குக் கீழே ஐஸ் கட்டியிருந்தால் கத்தி, திருப்புளியால் குத்த வேண்டாம். வடிகிற துளையில் இலை அடைத்திருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றிக் கையால் எடுங்கோ. கொதிநீர் வேண்டாம்.

நனைந்தகோழி

நன்றி குழாய்க்காரன் அண்ணா, நன்றி அக்கா. ஸ்டிக்கர் எதுவும் இல்லை. வெளிக்குழாய் இரண்டிலும் பித்தளையில் ஒரு வால்வு கீழ்நோக்கித் தொங்குகிறது. அது என்ன?

குழாய்க்காரன்

அது உறைதடுப்பு வால்வு. கரண்ட் போய்க் குழாய்க்குள் தண்ணீர் 3 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் தானே திறந்து தண்ணீரைக் கீழே கொட்டிவிடும். அது இருக்கிறதென்றால் உங்களுடையது வெறும் தண்ணீர்தான். அதற்குமேல் துணி, டேப் எதுவும் சுற்றாதீர்கள்.

சரி, ஃபில்டர். மத்தியானம், வெளியே கொஞ்சம் சூடு இருக்கும்போது செய்யுங்கள். கன்ட்ரோலரில் அணைத்து, பம்ப் நின்றபின் சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள். ஃபில்டருக்கு இரண்டு பக்கமும் உள்ள வால்வை மூடுங்கள். கீழே வாளி வையுங்கள், நல்ல துண்டைப் பக்கத்தில் வைக்காதீர்கள், கறை போகாது. மேலே இருக்கும் சின்னத் திருகைத் திறந்து அழுத்தத்தை விட்டபிறகுதான் மூடியைக் கழற்ற வேண்டும். காந்தத்தை உருவி, கழுவி, ரப்பர் வளையத்தைச் சுத்தமாகத் துடைத்து மாட்டுங்கள். வால்வுகளைத் திறந்து, காற்றை வெளியேற்றி, பிரஷரை 1.5 பாருக்கு ஏற்றுங்கள். ஏற்றியதும் நிரப்பும் குழாயின் இரண்டு வால்வையும் மூட மறக்காதீர்கள். அரை மணிக்குள் முடியும் வேலை.

வெளிப்பெட்டியின் மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். அதில் 'ஆர்-290' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது புரொப்பேன், பக்கத்தில் நெருப்பு ஆகாது. 'ஆர்-32' என்ற வேறு வாயு என்றாலும் அதற்குரிய சான்றிதழ் உள்ளவர்தான் தொட வேண்டும். நீங்கள் தொட வேண்டியது தண்ணீர் பக்கம் மட்டும்.

நனைந்தகோழி

செய்துவிட்டேன். காந்தத்தில் விரல் தடிமனுக்குக் கறுப்புக் கூழ், கண்மை மாதிரி. வாளித் தண்ணீர் மொத்தமும் மை. மாமியார் எட்டிப் பார்த்து, "இதையா வீடு பூரா சுத்த விட்டீங்க?" என்றார்.

எல்லா ரேடியேட்டரும் திறந்திருக்கின்றன, பிரஷர் 1.5. ஆனால் ஓட்டம் 14 லிட்டருக்கு வந்து அங்கேயே நிற்கிறது. இரண்டு முறை பனி உருக்கியது: ஒரு முறை நிற்காமல் ஓடியது, அடுத்த முறை மறுபடி எரர்.

சும்மா_எட்டிப்பார்ப்பவன்

பம்ப் மோட்டார் போயிருக்குமோ?

குழாய்க்காரன்

இருக்கலாம், ஆனால் ஒரு வருஷம்கூட ஆகாத பம்ப்பைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இன்னொரு இடம் பாக்கி இருக்கிறது. காந்தம் இரும்புத் துகளைத்தான் பிடிக்கும். சணல் நார், பித்தளைச் சீவல், பற்றவைப்பு மெழுகு எல்லாம் அதைத் தாண்டிப் போகும். அதற்காகத் திரும்பி வரும் குழாயில், மெஷினுக்குள் நுழையும் முன்னால் ஒரு வலை ஃபில்டர் வைப்பார்கள். குழாயிலிருந்து சாய்வாக ஒரு கிளை நீட்டிக்கொண்டு, முனையில் ஸ்பேனரால் திருகும் மூடி இருக்கும். பல வீட்டில் அதை ஃபோம் உறைக்குள் மறைத்துவிடுவார்கள், சர்வீஸுக்கு வருபவர்களுக்கே தெரியாது. உறையைக் கையால் தடவிக்கொண்டே போங்கள், புடைப்பாகத் தட்டும்.

பக்கத்தில் மூடும் வால்வு இரண்டும் இருந்தால் மட்டும் திறங்கள். இல்லாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள், ரேடியேட்டர் தண்ணீர் முழுக்க உங்கள் காலில் வந்து விழும்.

பர்மிங்ஹாம்_பாலா

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை பிரஷர் 0.5-க்கு இறங்குகிறது, ஏற்றிக்கொண்டே இருக்கிறேன். சுடும்போது 2.8 வரை போகிறது. தரையில் எங்கும் ஈரமில்லை.

குழாய்க்காரன்

பாலா, உங்களுக்கு விரிவுக் கலத்தில் காற்று இறங்கியிருக்கிறது. சூடாகி விரியும் தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லாமல் அழுத்தம் 3-ஐத் தொடும்போது பாதுகாப்பு வால்வு வழியாக வெளியே சொட்டிவிடும், வெளிச்சுவரில் அந்தக் குழாய் முனையைப் பாருங்கள். கலத்தின் காற்று வால்வைக் கொஞ்சம் அழுத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது, கலத்தை மாற்ற வேண்டும். காற்று வந்தால், தண்ணீர் அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டுக் கலத்தில் காற்றடிக்க வேண்டும். வாராவாரம் புதுத் தண்ணீர் ஏற்றுவது நல்லதல்ல, அதிலிருக்கும் ஆக்சிஜன்தான் ரேடியேட்டரைத் துருப்பிடிக்க வைத்து கோழி வீட்டுக் கண்மையை உண்டாக்குகிறது. மேற்கொண்டு கேட்கத் தனி இழை (புதுப் பதிவு) போடுங்கள்.

நனைந்தகோழி

கிடைத்துவிட்டது அண்ணா! வெளிச்சுவரை ஒட்டி, முழங்கால் உயரத்தில், ஃபோமுக்குள் ஒளிந்திருந்தது. இரண்டு பக்கமும் வால்வு இருந்தது. வலை முழுக்கச் சணல் நாரும் மினுமினுப்பான பித்தளைச் சீவலும், நடுவில் நீல நிற பிளாஸ்டிக் துண்டு ஒன்று, ஏதோ குழாய் மூடியிலிருந்து உடைந்தது போல. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் போட்டேன்.

இப்போது 21 லிட்டர். போவது 40, வருவது 35. உங்கள் கணக்குப்படி 7.3 கிலோவாட். நேற்று இரவிலிருந்து ஒன்பது முறை பனி உருக்கியது, ஒரு முறைகூட நிற்கவில்லை. வீட்டுக்குள் 20.5. மாமியார் போர்வையை மடித்து வைத்துவிட்டார்.

கன்ட்ரோலரில் தண்ணீர் சூட்டின் இலக்கை எப்போதும் 45 என்று நிலையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை மாற்றலாமா?

குழாய்க்காரன்

மாற்றியே ஆக வேண்டும். வெளிக்குளிருக்கு ஏற்றபடி தண்ணீர் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி மெனுவில் இருக்கும். வெளியே மைனஸ் 3 என்றால் 43, பிளஸ் 15 என்றால் 28 என்று தொடங்குங்கள். இரண்டு நாளுக்கு ஒரு டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். ஏதாவது ஒரு அறையில் குளிருது என்று குரல் வந்ததும் ஒரு டிகிரி ஏற்றி நிறுத்துங்கள். அறைத் தெர்மோஸ்டாட்டைத் திருகித் திருகி விளையாட வேண்டாம்.

மாதம் கழித்து ஃபில்டர் இரண்டையும் திரும்பத் திறந்து பாருங்கள், பழைய ரேடியேட்டரில் ஒட்டியிருந்ததெல்லாம் இப்போது ஓட்டம் கூடியதும் கிளம்பி வரும். மறுபடியும் அதே அளவு கூழ் என்றால் முழு அமைப்பையும் கழுவச் சொல்லுங்கள், துருத்தடுப்பு மருந்தும் ஊற்றச் சொல்லுங்கள். வருடாந்திர சர்வீஸைத் தவறவிடாதீர்கள், அந்தத் தாள் இல்லாவிட்டால் வாரண்டியில் வம்பு செய்வார்கள். சுடுதண்ணீர் சிலிண்டரின் பாதுகாப்பு வால்வுகளையும் அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள். பொருத்தியவர்கள் கொடுத்த கோப்பில் வேலைக்கான காப்பீட்டுத் தாள் இருக்கிறதா என்றும் தேடுங்கள், போனை எடுக்காதவர்களுக்கு அதுதான் வழி.

ஒஸ்லோ_அக்கா

மறைத்து வைத்த ஃபில்டர் இருக்கிற இடத்தில் ஃபோமுக்கு மேலே மார்க்கரால் எழுதி விடுங்கோ தம்பி. அடுத்த முறை தேடிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

நனைந்தகோழி (ஐந்து வாரம் கழித்து)

இழையை முடிக்காமல் விடக் கூடாதென்று வந்தேன். நேற்று இரண்டையும் திறந்தேன். காந்தத்தில் ஒரு தேக்கரண்டி கறுப்பு, வலையில் நாலைந்து நார், அவ்வளவுதான். ஓட்டம் இன்னும் 21. மைனஸ் 3-க்கு 40 போதுமென்று ஆகிவிட்டது, அதற்குக் கீழே இறக்கினால் வடக்குப் பக்க அறை ஒத்துக்கொள்ளவில்லை. 2 டிகிரி நாளில் 52 யூனிட் போனது இப்போது 33, 34-க்குள் நிற்கிறது. காப்பீட்டுத் தாள் கிடைத்தது, கடிதம் போட்டிருக்கிறேன். ஃபோமில் அம்புக்குறியும் போட்டாயிற்று அக்கா.