தாய் முட்டையில் வைத்த ஆர்.என்.ஏ.வுக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நகத்தவளையின் கரு வளர்ச்சி பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கருவுற்ற முட்டை 12 முறை பிளந்து ஏறத்தாழ 4000 செல் ஆகும்வரை கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அதுவரை வேலை நடப்பது, தாய் முன்பே முட்டைக்குள் வைத்துவிட்ட தூது ஆர்.என்.ஏ.வாலும் (மரபணுவின் கட்டளையைச் சுமந்து செல்லும் நகல்) புரதங்களாலும்தான். இந்த 'மெட்டர்னல்' ஆர்.என்.ஏ.வை எப்படிச் சொல்வது? 'தாய்வழி' என்றால் பிள்ளைகள், தாயிடமிருந்து மட்டும் தலைமுறை தலைமுறையாக வரும் மைட்டோகாண்ட்ரிய மரபு என்று நினைக்கிறார்கள்.

-----

தாய்வைப்பு. 'வை' பகுதி, 'பு' விகுதி. 'பொருள்வைப் புழி' என்று குறளிலேயே இருக்கிறது. 'வரனென்னும் வைப்பிற்கோர் வித்து' என்னுமிடத்தில் வைப்பு என்றால் இடம். முட்டை, பொருளும் இடமும் ஆகிறது அல்லவா? வங்கி வைப்பு நிதியை அறியாதவர் உண்டா?

-----

ஐயா, மன்னிக்கவேண்டும். பேச்சில் 'வைப்பு' என்றால் வேறு பொருளும் உண்டு. அதைத் தாயோடு சேர்த்து வகுப்பில் என்னால் சொல்ல முடியாது.

-----

அப்படியானால் 'கட்டுச்சோற்று ஆர்.என்.ஏ.' எப்படி அக்கா? தாய் கட்டிக் கொடுத்தது; வழியில் தீர்ந்துவிடும். இந்த ஆர்.என்.ஏ.வும் படிப்படியாகச் சிதைந்துதானே போகிறது?

-----

அழகான சொல், தம்பி. ஆனால் சோறு என்றால் மஞ்சள்கருவைத்தான் நினைப்பார்கள். இது உணவு இல்லை, கட்டளை. வெஜ்-டி என்ற மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. முட்டையின் அடிப்புறத்தில் ஒதுங்கி நிற்கிறது. அதை நீக்கினால் குடலாக வேண்டிய அகப்படையே சரியாக உருவாவதில்லை. அந்தக் கட்டளை தாயின் மரபணு எழுதியது. அதனால் 'தாய்க்கொடை' என்கிறேன்.

-----

தாய்க்குக் கொடையா, தாயின் கொடையா? தொகையில் வேற்றுமை தெளிவாக இல்லை. எங்கள் நெல்லைப் பக்கம் கொடை என்றால் அம்மன் கோயில் திருவிழா. தாய்க்கொடை என்று எழுதினால் எந்த ஊர்க் கொடை என்றுதான் கேட்பார்கள்.

-----

தாய்ப்பால் என்றால் தாய்க்குப் பாலா என்று யாரும் கேட்பதில்லையே, அண்ணாச்சி.

-----

சரி, நேரமில்லை. 'தாய்க்கொடைத் தூது ஆர்.என்.ஏ.' என்று போடுகிறேன். மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

-----

நான் ஒப்பவில்லை. கொடுத்தவர் கைவிட்டுப் போவது கொடை. பின்னால் உதவட்டும் என்று வைப்பது வைப்பு. தவளை செய்தது இரண்டாவது. கொச்சைப் பொருளுக்கு அஞ்சி நல்ல சொல்லை விடக்கூடாது.

-----

அப்புறம் அக்கா, 4000 செல்லுக்குப் பிறகு கரு தானே எழுதும் ஆர்.என்.ஏ.வுக்கு என்ன பெயர்? அதுவும் அதே பக்கத்தில்தானே வருகிறது?