நீண்ட இறக்கத்தில் பின் பிரேக் விட்டுப்போகிறது, வழி சொல்லுங்க

கோத்தகிரி பக்கம் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஓட்டுறேன். வேரும் ஈரப் பாறையுமா நீளமான காட்டு இறக்கம். பாதியிலேயே பின் பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுடுது. நிறுத்தி சூடு ஆறினதும் பழையபடி கெட்டியாயிடும். போன மழைக்காலத்துக்கு அப்புறம்தான் இப்படி. வளைவுல பிரேக் பிடிக்கலன்னா உயிர் போற விஷயம், அதனால அந்தப் பாதைக்கே இப்போ போறதில்ல.

வண்டி: 29 இன்ச் ஹார்டுடெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன்), ரெண்டு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக், மினரல் ஆயில். ரோட்டார் (பிரேக் டிஸ்க்) முன்னாடி 180, பின்னாடி 160 மி.மீ. என் எடை 88 கிலோ.

புது ஆயில் ஊத்தி பிளீட் பண்ணியாச்சு (லைன்ல இருக்கிற காத்தை வெளியேத்துறது). ரெசின் பேடுக்குப் பதில் மெட்டல் பேட் போட்டேன், சத்தம்தான் கூடுச்சு. ஹோஸ்ல கசிவு இல்ல.

பின்னாடியும் 180 ரோட்டார் மாத்தினா போதுமா, இல்ல நாலு பிஸ்டன் காலிப்பரே (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) போடணுமா?