ஆர்டிபி-க்குத் தமிழில் ‘பந்தய மீள்வீதம்’: ஸ்லாட் விளையாட்டுச் சொற்கள் பற்றி

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்லாட் என்பது பொத்தானை அழுத்தினால் சின்னங்கள் சுழன்று நின்று, பொருத்தம் அமைந்தால் பரிசு தரும் சூதாட்ட விளையாட்டு. அதன் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியல் பற்றி உங்களில் சிலர் எழுதியவற்றை மேற்கோளாகத் தந்து பதில் சொல்கிறேன். முதலில் ஆர்டிபி (RTP, Return to Player): வைத்த பந்தயத்தில் ஆடுபவருக்குச் சராசரியாகத் திரும்பும் பங்கு.

> ஆர்டிபி-க்கு ‘வீரர் வருவாய் விகிதம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இந்தச் சொல்லை நாம் ஏற்கக் கூடாது. ‘வீரர்’ என்பது கபடிக்கும் கால்பந்துக்கும் உரிய சொல். அதில் பயிற்சியும் திறமையும் அடங்கியிருக்கின்றன. ஸ்லாட்டில் பந்தயத் தொகையைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்துவதோடு ஆடுபவரின் வேலை முடிந்துவிடுகிறது. ‘வருவாய்’ இன்னும் மோசம். சராசரியாக இழப்பை மட்டுமே தரும் ஓர் ஏற்பாட்டுக்கு வருவாய் என்று பெயர் சூட்டுவது, தெரியாதவரைக் குழியில் தள்ளிவிடுவதற்குச் சமம். ‘விகிதம்’ இருக்கட்டும். ஆனால் எதன் விகிதம்? முக்கியமான கேள்வி அதுதான்; அதற்கு இந்தச் சொல்லில் விடை இல்லை.

ஓர் உண்மையான விளையாட்டை வைத்துப் பார்ப்போம். கிரேக்கப் புராணத்தைக் கருவாகக் கொண்டு பிராக்மாடிக் பிளே நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ‘கேட்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ பலரும் அறிந்தது. 6 நெடுவரிசை, 5 கிடைவரிசை, மொத்தம் 30 கட்டங்கள். பழைய ஸ்லாட்டுகளைப் போல, சின்னங்கள் வரிசையாக அமைய வேண்டிய பரிசுக்கோடுகள் இதில் கிடையாது. ஒரே சின்னம் எங்கேயாவது 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் பரிசு. பரிசு பெற்ற சின்னங்கள் மறைந்து, மேலிருந்து புதியவை உதிர்ந்து இடத்தை நிரப்பும். அதில் மீண்டும் பொருத்தம் அமைந்தால் மறுபடியும் உதிரும். பக்கத்தில் நிற்கும் ஜீயஸ் அவ்வப்போது பரிசைப் பல மடங்காக்கும், 2 முதல் 500 வரை மதிப்புள்ள பெருக்கிகளை எறிவார். 4 சிதறிகள் (ஸ்கேட்டர் என்னும் சிறப்புச் சின்னங்கள்) விழுந்தால் 15 இலவசச் சுழற்சிகள். அவற்றில் மட்டும் பெருக்கிகளின் மதிப்பு சுழற்சிக்குச் சுழற்சி சேர்ந்து கூடிக்கொண்டே போகும். பரிசின் உச்சவரம்பு பந்தயத்தைப் போல 5,000 மடங்கு. அறிவிக்கப்பட்ட ஆர்டிபி 96.5%.

இந்த 96.5-ஐப் படிப்பவர், ‘நூறு போட்டால் தொண்ணூற்றாறரை கைக்கு வரும்’ என்று நினைத்துக்கொள்கிறார். அது கொண்டுவந்த பணத்தின் மீதான கணக்கு அன்று. வைக்கும் ஒவ்வொரு பந்தயத்தின் மீதும், மிகப் பல சுழற்சிகளின் சராசரியாக வருவது. ஆடுபவர் வென்றதையும் எடுத்து மறுபடி பந்தயம் வைக்கிறார் அல்லவா? கையிலுள்ள தொகை முழுவதும் ஒருமுறை பந்தயமாகப் போய்த் திரும்புவதை ஒரு சுற்று என்று கொள்வோம். 100 அலகு முதல் சுற்றில் 96.5 ஆகும், அடுத்ததில் 93.1 ஆகும், 20-ஆவது சுற்றின் முடிவில் சராசரியாக 49 ஆகிவிடும். ஒரே விளையாட்டைக் குறைந்த ஆர்டிபி அமைப்பிலும் நிறுவனங்கள் இயக்குவதுண்டு. அது 94.5 ஆக இருந்தால் அதே 20 சுற்றில் எஞ்சுவது 32. இரண்டு புள்ளிதானே என்று தோன்றும் வேறுபாடு இப்படி வளர்கிறது.

ஆகவே சொல்லுக்குள்ளேயே ‘பந்தயம்’ இருக்க வேண்டும். என் பரிந்துரை பந்தய மீள்வீதம். இதன் மறுபக்கமான 3.5%-க்கு (ஆங்கிலத்தில் ஹவுஸ் எட்ஜ், அதாவது விளையாட்டை நடத்துபவருக்குப் போகும் பங்கு) ‘வீட்டு அனுகூலம்’ என்று ஒரு மொழிபெயர்ப்பு உலவுகிறது. யார் வீடு, யாருக்கு அனுகூலம் என்று அதைப் படிப்பவருக்கு எப்படிப் புரியும்? தரகிலும் வணிகத்திலும் நமக்குப் பழகிய ‘கழிவு’ என்ற சொல் இருக்கிறது. பந்தயக் கழிவு என்றால் ஒவ்வொரு பந்தயத்திலிருந்தும் ஒரு பங்கு கழிகிறது என்பது உடனே விளங்கும்.

> ரேண்டம் என்பதற்குப் பாடநூல்களில் ‘சமவாய்ப்பு’ இருக்கிறதே, ஏன் மாற்ற வேண்டும்?

கணிதப் பாடத்தில் அது நிலைபெற்ற சொல். அங்கே அதைத் தொட வேண்டியதில்லை. இங்கே அது ஆபத்தானது. சமவாய்ப்பு என்று கேட்டவுடன் எல்லாச் சின்னங்களுக்கும் சம வாய்ப்பு என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். 1890-களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த மூன்று உருளை இயந்திரத்தில் உருளைக்கு 10 நிறுத்தங்கள் (சின்னம் வந்து நிற்கும் இடங்கள்), ஆக 1,000 சேர்க்கைகள். கண்ணால் எண்ணிப் பார்க்க முடிந்தது. 1984-இல் இங்கெ டெல்னெஸ் (Inge Telnaes) என்பவர் பெற்ற காப்புரிமை, கண்ணால் காணும் நிறுத்தங்களுக்கும் வாய்ப்புக்கும் இருந்த அந்தத் தொடர்பை அறுத்துவிட்டது. கணினி எண்ணைத் தேர்ந்தெடுக்கும். ஒரு நிறுத்தத்துக்குப் பல எண்களும் இன்னொன்றுக்கு ஒரே எண்ணும் ஒதுக்கப்பட்டிருக்கும். உருளை அந்த முடிவைக் காட்டும் காட்சி மட்டுமே. இன்றைய திரை விளையாட்டுகளிலும் மணிமுடிக்கும் நீலக்கல்லுக்கும் ஒரே வாய்ப்பு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எனவே கணினித் துறையில் ஏற்கெனவே புழங்கும் ‘தற்போக்கு’ பொருத்தம்: எண்ணைத் தேர்ந்தெடுக்கும் ரேண்டம் நம்பர் ஜெனரேட்டருக்குத் தற்போக்கு எண்ணாக்கி. ஜீயஸ் கை ஓங்குவதும் மின்னல் வெட்டுவதும் எண்ணாக்கி முடிவு செய்ததைக் காட்டும் அசைபடம். ‘ஜீயஸ் இன்று கருணை காட்டுகிறார்’ என்ற வகை விளம்பர வாசகங்களை விளக்கக் குறிப்புகளில் அப்படியே தமிழாக்குவதை நாமாவது நிறுத்த வேண்டும். முந்தைய சுழற்சியில் நடந்தது எதுவும் அடுத்ததைத் தொடாது.

வோலடிலிட்டிக்கு ‘நிலையாமை’ என்று அம்மையார் ஒருவர் முன்மொழிந்திருந்தார். அழகான சொல்தான். ஆனால் அது அறநூல்களின் சுமையோடு வருகிறது. உடலும் செல்வமும் நில்லாதவை என்ற எண்ணத்தையே எழுப்பும். ‘ஏற்ற இறக்கம்’ சந்தை விலைக்கு உரியது. இங்கே சொல்ல வேண்டியது பரிசுகள் எவ்வளவு சமமின்றிப் பரவியிருக்கின்றன என்பது. பெரும்பாலான சுழற்சிகள் ஒன்றும் தராமல், அரிதான சில மட்டும் அள்ளித் தருமானால் அது உயர்ந்த வோலடிலிட்டி. ஒலிம்பஸ் அந்த வகை. பரிசு ஏற்றத்தாழ்வு என்றால் நேரடியாகப் புரிகிறது. இரண்டு விளையாட்டுகளின் பந்தய மீள்வீதம் ஒன்றாகவே இருந்தும், ஏற்றத்தாழ்வு அதிகமான ஒன்றில் கைப்பணம் விரைவில் தீர்ந்துபோகும் வாய்ப்பு அதிகம். இரண்டு சொற்களும் தனித்தனியே தேவைப்படுவது இதனால்தான்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் சொல்லுக்கு வருகிறேன். மேற்சொன்ன விளையாட்டில் நீலக்கல் 8 விழுந்தால் பரிசு பந்தயத்தில் கால் பங்கு. அதாவது 1 வைத்தவருக்கு 0.25 திரும்புகிறது, 0.75 போய்விட்டது. பெருக்கி வராவிட்டால் கணக்கு அவ்வளவுதான். ஆனாலும் அது திரையில் வெற்றியாகவே காட்டப்படும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய இழப்புகளின்போதும் மனக்கிளர்ச்சியைக் காட்டும் அளவான ஆடுபவரின் தோல் மின்கடத்துதிறன் உண்மையான வெற்றியின்போது போலவே உயர்ந்ததைக் கண்டார்கள். பந்தயத் தொகைக்குச் சமமாகவோ குறைவாகவோ திரும்பினால் வெற்றி ஒலியும் காட்சியும் காட்டக் கூடாது என்ற விதியைப் பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

> ‘போலி வெற்றி’ போதாதா?

போதாது, ஐயா. அதில் தலைச்சொல் வெற்றி. நடந்தது இழப்பு, வேடம் மட்டுமே வெற்றியினுடையது. வேடமிட்ட இழப்பு என்பதே என் முடிவு. சற்று நீளம்தான், ஆனாலும் இதைச் சுருக்க வேண்டாம்.

மற்றவை எளிது. பிற சின்னத்தின் இடத்தை நிரப்பும் வைல்டுக்குப் பதிலி. எங்கே விழுந்தாலும் எண்ணப்படும் ஸ்கேட்டருக்கு சிதறி. ஒலிம்பஸில் பதிலியே கிடையாது. எகிப்தியக் கருவில் அமைந்த ‘புக் ஆஃப் டெட்’ விளையாட்டிலோ புத்தகச் சின்னம் பதிலியாகவும் சிதறியாகவும் இயங்குகிறது. மூன்று வந்தால் 10 இலவசச் சுழற்சிகள். ஆகவே சின்னத்தின் உருவத்தை வைத்துப் பெயரிடாமல் வேலையை வைத்துப் பெயரிடுவதே சரி.

உதிர்ந்து நிரம்பும் செயலுக்கு மட்டும் எனக்கு மனநிறைவான சொல் அமையவில்லை. ‘உதிர்வு’ பாதியைத்தான் சொல்கிறது, ‘அருவி’ அளவுக்கு மீறி அழகூட்டுகிறது. ‘உதிர்நிரப்பு’ என்று எழுதிப் பார்த்தேன்; உச்சரிப்பு இடறுகிறது. இதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு இருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்கலாம்.