ஏஏஓ (உதவித் தணிக்கை அதிகாரி) ஆனால் முதல் நாளே பச்சை மையா? சும்மா அளக்காதீர்கள்

பழையகோப்பு:
வெற்றிப்படி என்பவர் நேற்று இங்கே எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன். "சிஏ படித்து வருடங்களை வீணாக்காதீர்கள். ஏதாவது ஒரு டிகிரி, எஸ்எஸ்சி சிஜிஎல் (பட்டதாரிகளுக்கான மத்திய அரசுத் தேர்வு), ஏஏஓ. முதல் நாளே கெஜட்டட், பச்சை மையில் கையெழுத்து. நீங்கள் நுழைந்தால் ஆபீசே எழுந்து நிற்கும்." படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. நான் சிஏஜியின் (இந்தியக் கணக்கு, தணிக்கைத் தலைவர்) கீழ் சீனியர் ஆடிட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். நேரடியாக ஏஏஓவாகச் சேருகிறவர் முதலில் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார், அப்புறம் எஸ்ஏஎஸ் என்கிற துறைத் தேர்வு, அது பாஸ் ஆகாமல் வேலையே உறுதியாகாது. இதில் பச்சை மையாம்!

வெற்றிப்படி:
ஐயா, ஏஏஓ குரூப் பி கெஜட்டட். சம்பள லெவல் 8, அடிப்படைச் சம்பளமே 47,600. இதில் எது பொய்? கெஜட்டட் என்றால் பச்சை மை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பழையகோப்பு:
சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டுக்குத் தெரியவில்லையே தம்பி. அதில் எல்லோருக்கும் நீலம் அல்லது கறுப்பு. இணைச் செயலாளரும் அவருக்கு மேலே இருப்பவர்களும் மட்டும், அதுவும் அபூர்வமாக, பச்சையோ சிவப்போ பயன்படுத்தலாம். உங்கள் லெவல் 8 அங்கே எட்டாது, ஏணி வைத்தாலும் எட்டாது.

வரவுசெலவு:
மையை விடுங்கள் சார். "வருடங்களை வீணாக்காதீர்கள்" என்றாரே, அதற்கு முதலில் பதில் சொல்லட்டும். சிஏ இன்டர் முடித்து ஆர்டிகிள்ஷிப் பயிற்சியில் ராத்திரி பத்து மணி வரை வவுச்சர் புரட்டிக்கொண்டிருக்கிறேன். டெபிட், கிரெடிட் என்றால் என்னவென்றே தெரியாமல் நாலு மாதம் கோச்சிங் போனவர் வந்து அரசாங்கக் கணக்கைத் தணிக்கை செய்வாராம்.

வெற்றிப்படி:
வயிற்றெரிச்சல் தெரிகிறது ப்ரோ. ஏஏஓவுக்கு சிஏ இருந்தால் நல்லது என்றுதான் சொல்கிறார்கள், கட்டாயம் இல்லை. நீங்கள் ஃபைனல் முடிப்பதற்குள் 30 வயது வரம்பு தாண்டிவிடப் போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைமயில்:
இந்த வேலையில் இருக்கிறவள் சொல்கிறேன், ஒரு நிமிஷம் கேளுங்கள். நான் ஆடிட்டராகச் சேர்ந்தேன், லெவல் 5, 29,200. எங்கள் ஆடிட் பார்ட்டி, அதாவது தணிக்கைக் குழு, ஊர் ஊராகப் போகும். யாரும் எழுந்தெல்லாம் நிற்க மாட்டார்கள், பழைய பதிவேடு வைத்திருக்கும் அறைக்குச் சாவி தேடுவதிலேயே முதல் நாள் போய்விடும். தாளைப் பாதியாக மடித்து ஒரு பக்கம் கேள்வி எழுதிக் கொடுப்போம், மறுபக்கம் அவர்கள் பதில் எழுத வேண்டும். அதைத்தான் ஹாஃப் மார்ஜின் என்கிறோம். ஒருமுறை ஒரு அலுவலகத்தில் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததற்கு ரிப்பேர் பில் இருந்தது, அதே தேதியில் லாக்புக்கில் அந்த ஜீப் 140 கிலோமீட்டர் ஓடியிருந்தது, டீசல் பில் வேறு. மறுபக்கத்தில் "பரிசீலித்துத் தெரிவிக்கப்படும்" என்று எழுதித் தந்தார்கள். அந்த வரியைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம் வந்ததே, இந்த வேலையில் அதுதான் ருசி. பிள்ளைகள் முதலில் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

வெற்றிப்படி:
சூப்பர் அக்கா. உங்கள் ஏஏஓ எந்த மையில் கையெழுத்துப் போடுகிறார்?

மழைமயில்:
இவ்வளவு எழுதியதில் இதுதான் கண்ணில் பட்டதா?

பழையகோப்பு:
சொல்லம்மா, நீலம் என்று சொல். எங்கள் காலத்தில் வவுச்சரில் டிக் அடிக்கத்தான் வேறு நிற மை வைத்திருந்தோம், கையெழுத்துக்கு அல்ல. இதைத்தான் யாரோ பார்த்துவிட்டுப் போய்க் கதை கட்டியிருக்கிறார்கள்.

குரூப்2குதிரை:
எல்லோரும் எந்த ஆடிட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள்? மாநில அரசில் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை இருக்கிறது, அதற்கு டிஎன்பிஎஸ்சி எழுத வேண்டும். சிஏஜி மத்திய அமைப்பு. அதிலும் தேனாம்பேட்டை ஏஜி ஆபீசில் (மாநிலத்தில் சிஏஜியின் அலுவலகம்) இருக்கிற எல்லோரும் தணிக்கை செய்வதில்லை. மாநிலங்களில் கணக்கு வேலையையும் தணிக்கை வேலையையும் 1984இலேயே பிரித்துவிட்டார்கள், பென்ஷன், ஜிபிஎஃப் பார்ப்பதெல்லாம் கணக்குப் பக்கம். முதலில் எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்துகொண்டு சண்டை போடலாமே.

வெற்றிப்படி:
மாநிலத் தணிக்கையெல்லாம் ஒரு தணிக்கையா? சிஏஜி அறிக்கை ஒன்று வந்தால் அரசாங்கமே ஆடும். 2010இல் 2ஜி ஸ்பெக்ட்ரம் அறிக்கை வந்தபோது என்ன நடந்தது, மறந்துவிட்டீர்களா? 1.76 லட்சம் கோடி!

குரூப்2குதிரை:
அது உத்தேச இழப்பு. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்ததை மட்டும் வசதியாக மறந்துவிடுவீர்கள். மாநிலத் தணிக்கையைக் கேவலமாகப் பேசியதற்கு இது போதாது, இன்னும் வரும்.

வரவுசெலவு:
2012இல் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்ததை நீங்களும்தான் மறந்துவிட்டீர்கள். ஒரு சிஏ அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் இப்படி ஒரு தொகையை எழுதியிருக்கவே மாட்டார்.

குரூப்2குதிரை:
நீங்கள் எந்தக் கட்சி என்று இப்போது புரிகிறது.

வரவுசெலவு:
கட்சியா? இரண்டு பக்கமும் குறை சொன்னால் கட்சியா?

பழையகோப்பு:
அரசியல் வேண்டாம். சிஏஜி யாரையும் தண்டிக்க முடியாது, அரசியலமைப்புச் சட்டப்பிரிவு 151இன்படி அறிக்கையைக் குடியரசுத் தலைவரிடமோ ஆளுநரிடமோ தருவார், அது நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ போகும், அப்புறம் பொதுக் கணக்குக் குழு பார்க்கும். நாம் எழுதும் பாராக்களில் (தணிக்கை ஆட்சேபணைகள்) பாதி பதில் வாங்கிக்கொண்டு ஆய்வறிக்கையோடு தீர்ந்துவிடும், மீதி வருடக்கணக்கில் நிலுவையில் தொங்கும். இந்தப் பொறுமை இருக்கிறவன் வரட்டும். மைக்காக வருகிறவன் ஸ்டேஷனரிக் கடை வைக்கட்டும்.

வெற்றிப்படி:
என் மாமா தாசில்தார். பச்சை மையில்தான் போடுகிறார், நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழையகோப்பு:
பழக்கம் வேறு, விதி வேறு. மாமாவின் ஜீப் லாக்புக்கை மழைமயிலிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

வெற்றிப்படி:
குடும்பத்தை இழுக்காதீர்கள். ரிடையர் ஆனவர்களுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. கெஜட்டட் என்றால் பச்சைதான், நான் ஜாயின் பண்ணி போட்டோ போடுகிறேன்.

மழைமயில்:
டூர் படி எப்படிக் கணக்கிடுவார்கள், பெண்களுக்குத் தங்கும் இடம் எப்படி இருக்கும் என்று ஒருவராவது கேட்பீர்களா என்று பார்த்தேன். சரி, நான் கிளம்புகிறேன்.

பழையகோப்பு:
போட்டோ போடும்போது எஸ்ஏஎஸ் மார்க் ஷீட்டும் சேர்த்துப் போடவும். கையேட்டை ஒருமுறை திறந்து பார்க்கவும். நீலம் அல்லது கறுப்பு.

குரூப்2குதிரை:
பழையகோப்பு சார், போன மாதம் பென்ஷன் விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லை. அதுவும் நிலுவைப் பாராதான், ஞாபகம் இருக்கட்டும்.

பழையகோப்பு:
பரிசீலித்துத் தெரிவிக்கப்படும்.