மார்க் இல்லாத டைமிங் செயின்: வால்வ் ரெண்டையும் சமமா நிறுத்தினா போதுமா, டிகிரி தட்டு வேணுமா?

செயின்கவர்:
1930கள்ல வந்த ஒரு நாலு சிலிண்டர் ஓவர்ஹெட் வால்வ் இன்ஜின மறுபடி கோத்துட்டு இருக்கேன். கிராங்க் (பிஸ்டன் சுத்துற தண்டு) ஸ்ப்ராக்கெட்டுல, அதாவது செயின் பல்சக்கரத்துல, 20 பல்லு, கேம்ல (வால்வ திறக்குற தண்டு) 40, ரெண்டுலயும் டைமிங் மார்க் கிடையாது, முன்னாடி கை வச்சவங்க யாரோ வேற ஸ்ப்ராக்கெட்ட மாட்டியிருக்காங்க போல. மேனுவல்ல 5-45-40-10ன்னு இருக்கு, அதாவது இன்லெட் வால்வ் டாப்புக்கு (பிஸ்டன் உச்சியில நிக்குற இடம்) கிராங்க்ல 5 டிகிரி முன்னாடி திறந்து பாட்டம் (பிஸ்டன் அடியில நிக்குற இடம்) தாண்டி 45ல மூடணும், எக்ஸாஸ்ட் பாட்டத்துக்கு 40 முன்னாடி திறந்து டாப் தாண்டி 10ல மூடணும். ஃப்ளைவீல்ல டாப் கோடு ஒண்ணு இருக்கு, அத நம்பி மாட்டிடலாமா?

ராக்கர்கை:
தாராளமா மாட்டலாம் தம்பி, கிராங்க்ல மாட்டி கோணம் பாக்குற டிகிரி தட்டெல்லாம் தேவையே இல்ல. டேப்பெட் கேப்ப (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல விடுற இடைவெளி) ரெண்டு வால்வுக்கும் ஒரே அளவு வச்சுக்கோ, ஒன்னாம் பிஸ்டன டாப்புல நிறுத்து, எக்ஸாஸ்ட் மூடிட்டு வரும்போதே இன்லெட் திறக்க ஆரம்பிக்கும்ல, அந்த ஓவர்லாப்புக்கு கேம கொண்டுவந்து ரெண்டு வால்வும் ஒரே அளவு இறங்கி நிக்குற இடத்துல செயின போட்டுடு. பல வருஷமா இப்படித்தான் செய்றேன், ஒரு இன்ஜினும் திரும்பி வந்ததில்ல.

டிகிரிதட்டு:
அண்ணா, இந்த முறை சரியா வரணும்னா இன்லெட் லோபும் (வால்வ தள்ளுற கேம் மேடு) எக்ஸாஸ்ட் லோபும் டாப்புக்கு ரெண்டு பக்கமும் சம தூரத்துல இருக்கணும், இவர் இன்ஜின்ல அப்படி இல்லையே. 5-45ன்னா இன்லெட் மொத்தம் 230 டிகிரி திறந்திருக்கு, அதோட நடு டாப்புக்கு 110 அப்புறம் வருது, எக்ஸாஸ்டும் 230தான் ஆனா நடு டாப்புக்கு 105 முன்னாடி. அப்போ ரெண்டும் சமமா நிக்குற இடம் டாப் தாண்டி 2.5 டிகிரி, டாப்புல இல்ல.

ராக்கர்கை:
அந்த 2.5 டிகிரிய வச்சு என்ன பண்ணப் போற? 20 பல்லுன்னா ஒரு பல்லு நகர்ந்தாலே கிராங்க்ல 18 டிகிரி போயிடும், இதுல ஒன்னு இந்தப் பல்லு இல்லன்னா அடுத்த பல்லு, நடுவுல நிக்க இடமே கிடையாது. சரியான பல்லுல மாட்டியிருக்கான்னு பாக்கத்தானே இந்த முறை, அதுக்கு கண்ணு போதும்.

டிகிரிதட்டு:
பல்லு கண்டுபிடிக்க போதும், அத ஒத்துக்கறேன். ஆனா அவர் ஸ்ப்ராக்கெட் அந்த இன்ஜினோடதே இல்லன்னு சொல்றாரு, சாவிக்காடி (தண்டோட பூட்டுற கீ உக்காருற பள்ளம்) பல்லுக்கு எந்த இடத்துல வெட்டியிருக்கோ யாருக்குத் தெரியும், எந்தப் பல்லுல போட்டாலும் 7, 8 டிகிரி தள்ளியே நிக்கலாம், அப்போ எத்தன டிகிரின்னு தெரிஞ்சாத்தான் ஆஃப்செட் கீ (ஸ்ப்ராக்கெட்ட கொஞ்சம் தள்ளிப் பூட்டுற, படி வச்ச கீ) செய்ய முடியும். இன்னொன்னு, நீங்க டாப்ப எப்படி பிடிப்பீங்க? ஸ்ட்ரோக் 100 மில்லிமீட்டர் உள்ள இன்ஜின்ல டாப்புலேர்ந்து 3 டிகிரி தள்ளிப் போனாலும் பிஸ்டன் 0.1 மில்லிமீட்டர் கூட இறங்காது, பிளக் ஓட்டையில கம்பிய விட்டுப் பாத்தா தெரியவே தெரியாது.

செயின்கவர் அண்ணா, பிளக் ஓட்டையில, பிஸ்டன் டாப்புக்கு வராம இடிச்சு நிக்குற மாதிரி ஒரு ஸ்டாப் போல்ட்ட மாட்டி கிராங்க கையால மெதுவா திருப்புங்க, இடிக்கிற இடத்துல தட்டுல டிகிரி குறிங்க, எதிர்ப்பக்கம் திருப்பி இன்னொரு தடவ குறிங்க, ரெண்டுக்கும் நடுதான் டாப். அப்புறம் இன்லெட் எப்போ திறக்குதுன்னு தேடாதீங்க, லோப் ஆரம்பம் ரொம்ப மெதுவா ஏறும், புஷ்ராட (கேம் அசைவ ராக்கருக்கு கொண்டுபோற கம்பி) விரல்ல உருட்டிப் பாத்தா எந்த இடத்துல இறுகுதுன்னு ஆளுக்கு ஆள் மாறும். புஷ்ராடு மேல டயல் கேஜ் வச்சு உச்சிக்கு 1 மில்லிமீட்டர் கீழ ஏறும்போதும் இறங்கும்போதும் குறிச்சு நடுவ எடுங்க, அதான் லோப் நடு. இத மட்டும் இன்ஜின் ஓடுற திசையிலதான் திருப்பணும், பின்னாடி திருப்பினா செயின் தளர்வு கணக்குல சேந்துடும்.

செயின்கவர்:
ரெண்டு முறையும் செஞ்சு பாத்தாச்சு. மொதல்ல ஃப்ளைவீல் கோட்டுல நிறுத்தி ராக்கர்கை அண்ணா சொன்னபடி வால்வ சமமா வச்சேன், அச்சு அசலா உக்காந்துச்சு, முடிஞ்சதுன்னே நினைச்சேன். அப்புறம் தட்ட மாட்டி கோட்டையே 0ன்னு வச்சு ஸ்டாப் போட்டா கோட்டுக்கு முன்னாடி 21ல இடிக்குது, அப்புறம் 29ல. அப்போ உண்மையான டாப் கோட்டுக்கு 4 டிகிரி அப்புறம்! 300 மில்லிமீட்டர் ஃப்ளைவீல்ல ஒரு டிகிரி சுமார் 2.6 மில்லிமீட்டர், கோடு 10 மில்லிமீட்டருக்கு மேல தப்பா இருந்திருக்கு. இன்லெட் லோப் நடு 103ல வருது, அடுத்த பல்லுல போட்டா 121. வேண்டியது 110. கோடு தப்பு, கீ தப்பு, ரெண்டும் சேந்து வால்வ சமமா காட்டியிருக்கு.

ராக்கர்கை:
கோடு தப்பா இருக்கும்னு நான் நினைக்கல, அந்த ஃப்ளைவீலையும் யாராவது மாத்தியிருக்கலாம். ஸ்டாப் போல்ட்ட இனிமே நானும் வச்சுக்கறேன். ஆனா கீய 7 டிகிரிக்கும் செய்யாத, 5க்கு செய், செயின் தேயத் தேய கேம் பின்தங்கத்தான் செய்யும், 2 டிகிரி முன்னாடி இருக்கட்டும்.

டிகிரிதட்டு:
இதுல நான் ஒத்துவரல அண்ணா. செயின் புதுசு, மேனுவல் 110ன்னா 110லயே வைக்கட்டும், தேஞ்சா செயின மாத்தட்டும்.

செயின்கவர்:
கேம் தண்டு 25 மில்லிமீட்டர், கிராங்க்ல 7 டிகிரி கேம்ல பாதி, 3.5 டிகிரின்னா கீ சுமார் 0.76 மில்லிமீட்டர் படி வேணும். 110க்கே அரம் போடுறேன்.